பெயர் மாற்றம்

என்ஜினை நிறுத்திய பிறகும் திரையில் இலக்கம் இறங்கவில்லை.

"சேர், ஓஃப் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டான் மாத்தளைப் புகைப் பரிசோதனை நிலையத்துச் சதீஸ்குமார்.

மர்சூக் மாஸ்டர் சாவியைத் தூக்கிக் காட்டினார். சதீஸ்குமார் புகைக்குழாயில் செருகிய கம்பியைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகினான். இலக்கம் ஏறியது. இறங்கியது. சற்று நின்று மறுபடி ஏறியது, உறங்குகிறவனின் மார்பைப்போல.

"மிஷின்ல பிழை போல. எப்படியும் ஃபெயில்தான் சேர். காரோட புக்கும் இன்னும் மகாலிங்கம்னு ஒருத்தர் பேர்லதானே இருக்கு? மொதல்ல அவர்கிட்ட கையெழுத்த வாங்கிருங்க."

மர்சூக்குக்குப் பயம் வரவில்லை. மனைவி ஸஜீதாவை அடக்கம் செய்த நாளிலிருந்து நான்கு மாதங்களாக அவருக்கு எதுவுமே வரவில்லை. பக்கத்து ஊரான நாலந்தாவில் இந்தப் பழைய கறுப்புக் காரைக் கண்டபோதுதான் ஏதோ ஒன்று வேண்டும் என்று தோன்றியது. மகாலிங்கத்தின் மகள் பிரவீனா, காரை விற்றபோது பெயர் மாற்றும் படிவத்தை வெறுமையாகவே தந்து அனுப்பியிருந்தாள்.

பல்லேபொலைக்குத் திரும்பும் வழியில் மழை. காரை ஓரங்கட்டிப் பிரவீனாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மகள், உங்க அப்பாட கையெழுத்து வேணுமே. அவர் எங்க இருக்கார்?"

மறுமுனையில் ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது.

"அப்பாவையும் காரோடதானே தந்தனாங்கள்," என்றாள். அழைப்பு அறுந்தது.

கூரையில் மழை விடாமல் கொட்டியது; பழைய தோல் இருக்கையின் வாடைக்கு அடியிலிருந்து ஈரச் சட்டையும் சுருட்டும் கலந்த வேறொரு வாடை மெல்லக் கிளம்பியது; பின்னால் யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள். திரும்பினார். வெறும் இருக்கை. அந்த மூச்சு தன் மூச்சோடு ஒத்துப்போவதைக் கவனித்தார். மூச்சை அடக்கினார். அதுவும் நின்றது.

பிறகு அது இழுத்தது. அவருடைய மார்பு உயர்ந்தது.

கால்கள் மரத்தன. பிறகு இடுப்பு. வலிக்கவில்லை.

கார் எப்போது வீட்டு வாசலுக்கு வந்தது? தெரியவில்லை. மகள் அம்றா குடையோடு ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"வாப்பா, இறங்குங்க!"

இறங்க நினைத்தார். கை கேட்கவில்லை. அது படிவத்தை ஸ்டியரிங்கின்மேல் விரித்தது. விற்பவரின் இடத்தில் மர்சூக் என்று எழுதியது. வாங்குபவரின் இடத்தில், அவர் ஒருபோதும் பழகாத சாய்ந்த எழுத்தில், மகாலிங்கம்.

பின்பு அதே கை பின்னால் நீண்டு கதவைத் திறந்தது.

"ஏறு பிள்ளை, நனையாதை," என்றது அவருடைய வாய்.

அம்றா குடையை மடக்கினாள்.