ஈரத்தாளில் பன்னிரண்டு விதைகள்

மூன்றாம் நாள் காலையில் மைசீ தட்டைத் தொட்டபோது அது சூடாக இருந்தது.

நெருப்புச் சூடு இல்லை. யாரோ இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன தட்டின் அடியில் கொஞ்ச நேரம் தங்கியிருக்குமே, அந்தச் சூடு. ஒரு தட்டில் நனைத்த தாள், அதன்மேல் பன்னிரண்டு கஞ்சா விதை, விதைகளின் மேல் இன்னொரு நனைத்த தாள், எல்லாவற்றுக்கும் மூடியாகக் கவிழ்த்த இரண்டாவது தட்டு. முந்தின நாள் சாயங்காலம் அவள் கையாலேயே நீர் தெளித்து மூடி, புருஷன் வாமெங்கோடு பங்கு போட்டிருந்த துணி அலமாரியில் காலியாகக் கிடந்த கீழ் அடுக்கில் வைத்திருந்தாள். வீட்டில் அதைவிட இருட்டான இடம் வேறு இல்லை. இப்போது திறந்து பார்த்தால் தாள் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. சுவரே வியர்க்கிற மழைக்காலத்தில் எப்படிக் காய்ந்தது? விதைகள் சாம்பலும் பழுப்புமாக, போட்டது போட்டபடி கிடந்தன. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

அவள் மறுபடி நீர் தெளித்தாள். தாள் அதை ஒரே மூச்சில் குடித்தது.

வாசலில் பூன்தம் தன் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர், இருபது வருடம் சியாங் மாய் தெருக்களில் சிவப்பு வாடகை வண்டி ஓட்டியவர். வீட்டிலேயே வளர்க்கலாம் என்று அரசாங்கம் சொன்ன மறுவாரமே ஆறு தொட்டி வாங்கி வைத்து, இந்தத் தெருவுக்கே கஞ்சா வாத்தியார் ஆகிவிட்டார்.

"முளைச்சுதா?"

"இல்லண்ணே. தாள் காஞ்சு போயிருக்கு."

"மூடி வெச்சா காயாதே. நீ அடிக்கடி தொறந்து பாக்குற."

"காலையில ஒரு தடவதான்."

"புளுகாத. புதுசா கல்யாணம் ஆனவங்க ரூம் கதவத் தட்டித் தட்டி 'ஆச்சா, ஆச்சா'ன்னு கேட்டா எதாவது ஆகுமா? இருட்டு, ஈரம், கொஞ்சம் சூடு. அது கேக்குறது அவ்வளவுதான். ஆமா, மொதல்ல கிளாஸ் தண்ணியில ஊறப் போட்டியே, முங்குச்சா மெதந்துச்சா?"

"மெதந்துச்சு."

"எத்தன?"

"எல்லாமே. விடிய விடிய மெதந்துச்சு."

அவர் குவளையைக் கீழே வைத்தார். "அப்ப அது செத்த விதை, தாயி. தூக்கிக் கடாசு. எங்கிட்ட நாலு வாங்கிக்க. என்னுது சிரிக்கிற ஜாதி. உங்க மலை விதை வெறும் நாரு, ஆடுகூட மதிக்காது."

"எனக்கு நாருதாண்ணே வேணும்."

"எதுக்கு, என்னைக் கட்டிப் போடவா?" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "மக வந்திருக்காளா?" என்றார்.

"இல்லையே. அவளுக்கு லீவு எங்க?"

"நேத்து நீ கடைக்குப் போனப்புறம் உள்ள யாரோ நடந்தாங்க. உன் நடை எனக்குத் தெரியும், ஒரு செருப்பு பேசும், ஒரு செருப்பு ஊமை. இது அப்படி இல்ல. மழைக்கோட்டு போட்டுக்கிட்டு நடக்குற மாதிரி. சரக்கு, சரக்குன்னு."

"எலியா இருக்கும்."

"எலிக்கு யாரு மழைக்கோட்டு வாங்கிக் குடுத்தா?"

அவளும் சிரித்தாள். சந்தைக்குப் போகும் வழி முழுக்க அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது, துடைக்க மறந்ததுபோல.

சந்தையில், மலையிலிருந்து இறங்கி வந்த அவளுடைய மோங் ஜனங்களின் சந்தில் அவளுக்கு ஒரு துணிக்கடை இருந்தது. நார்த்துணி போலவே அச்சடித்த பாலியெஸ்டர் பாவாடைகள், சட்டைகள், அகலமாய்த் தொங்கும் ஆண்களின் கால்சட்டைகள். எட்டு அடி தள்ளி நின்று பார்த்தால் கஞ்சா நாரில் கையால் நெய்தது என்றுதான் யாரும் சொல்வார்கள். தொட்டால் தெரிந்துவிடும். நடந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். தொடையோடு தொடை உரசும்போது அந்தத் துணி ஒரு சத்தம் போடும். பதினெட்டு வருடமாக அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

சரக்கு, சரக்கு.

அதைப் பற்றி நினைக்கக்கூடாது என்று அவள் துணிகளை மடித்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

மோங் ஆள் ஒருவன் செத்தால் நார்த்துணி உடுத்தித்தான் மண்ணுக்குள் அனுப்ப வேண்டும். அந்த நாரைத் தொட்டுப் பார்த்துத்தான் முன்பே செத்துப் போய்ச் சேர்ந்த பெரியவர்கள் 'இவன் நம்ம ஆளு' என்று வழிவிடுவார்கள். வழியில் கம்பளிப்பூச்சிகளால் ஆன ஒரு மலை இருக்கிறது, அதைத் தாண்டக் காலில் நார்ச்செருப்பு வேண்டும். மைசீ கல்யாணமாகி வந்த மூன்றாம் வருடம் மாமியார் இரண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து இதே அலமாரியின் கீழ் அடுக்கில் வைத்தாள். ஒன்று மகனுக்கு, ஒன்று மருமகளுக்கு. செருப்புக்கு அளவெடுக்க மைசீயின் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். சின்ன வயதில் மண்வெட்டி பட்டு இடது காலில் சுண்டுவிரல் போயிருந்தது. "ஒரு விரல் கம்மி உனக்கு. அங்க போயும் செருப்பு கழண்டு கழண்டு விழக்கூடாதில்ல," என்று அந்தப் பக்கத்தை மட்டும் ஒடுக்கித் தைத்தாள். அன்பாகத்தான் சொன்னாள். மைசீக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அன்றிலிருந்து ரவிக்கை எடுக்க அலமாரியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் தன் சாவு மடித்து வைத்திருப்பதைப் பார்த்தாள். சாம்பல் நீரில் வெந்த நாரின் வாசனை அவள் நல்ல துணிகளிலெல்லாம் ஏறியது.

மாமியார் போன மறுவருடம், பழைய நார்த்துணியில் கைப்பை தைக்கிற ஒருத்தி கடைக்கு வந்து கேட்டாள். மைசீ இரண்டு மூட்டையையும் எடுத்து விற்றுவிட்டாள். காசுக்காக இல்லை. அன்று வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். உடம்பு லேசாக இருந்தது. வாமெங்கிடம் சொல்லவில்லை. அவனும் கேட்டதில்லை. கேட்கிற ஆள் இல்லை அவன். எங்காவது கிளம்ப வேண்டுமென்றால் அவள் செருப்பை எடுத்து வாசலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு, வெளியே போய்ப் பேசாமல் நின்றுகொள்வான். எவ்வளவு நேரமானாலும் நிற்பான். கூப்பிட மாட்டான்.

ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவன் செத்தபோது, கடையிலிருந்து ஒரு சோடி உடுப்பை எடுத்து, பிணத்தின்மேல் உலோகமோ பிளாஸ்டிக்கோ படக்கூடாது என்பதால் பொத்தான்களையும் ஜிப்பையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். துணியே பிளாஸ்டிக் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. காலுக்குக் கறுப்புக் கான்வாஸ் செருப்பு. அவன் தங்கை யெர் மட்டும் சட்டைக் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள். மைசீயின் முகத்தையும் பார்த்தாள். அதற்குள் பறை தொடங்கிவிட்டது.

அது மக்காத துணி. மலையில் மழை பெய்யும் ஒவ்வொரு நாளும் மைசீக்கு அந்த நினைப்பு வரும். அவன் கரைந்துகொண்டிருப்பான். துணி அப்படியே இருக்கும்.

அறுவடை முடிந்ததும் அவன் ஆவியைக் கடைசியாக ஒருமுறை வீட்டுக்கு அழைத்து, முறத்தில் மூங்கிலை வளைத்து அவன் சட்டையைப் போர்த்தி, சோறூட்டி அனுப்பிவைக்க வேண்டும். அதற்குப் பிறகு திருத்த முடியாது. அதற்குள் ஒரு சட்டைக்கு மட்டும் நார் விளைந்துவிட்டால் போதும். நெய்ய அவளுக்குத் தெரியும். யாருக்கும் தெரியாமல் நெய்து, அந்தச் சட்டையை முறத்தில் போர்த்திவிட்டால் அவன் போய்விடுவான். விதை கேட்டதும் யெர் மலையிலிருந்து வேனில் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள். மாமியார் பரணில் கட்டி வைத்திருந்த விதை.

நான்காம் நாள் மத்தியானம், மைசீ சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது, யெர் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணி, விதை முளைச்சுதா?"

"இன்னும் இல்ல."

"அண்ணன் நேத்துக் கனவுல வந்தாரு." போனில் கோழிகள் கத்தின. "அந்த மலையடியில நிக்கிறாரு. கம்பளிப்பூச்சி நெளியறது எனக்கே தெரியுது. 'ஏண்ணே நிக்கற, ஏறிப் போ'ன்னேன். 'செருப்பு முடியல'ன்னாரு."

மைசீ போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"குந்திக்கிட்டு நார் முறுக்குறாரு, அண்ணி. நம்ம அம்மா மாதிரியே. அண்ணனுக்கு எங்க நார் முறுக்கத் தெரியும்? 'உனக்குப் போட்டுத்தானே அனுப்பிச்சோம்'னேன். நிமிரவே இல்ல. அண்ணி, நான் கேக்கறேன்னு தப்பா நெனக்காத. அன்னிக்குப் போட்டது அம்மா நெய்ஞ்சதுதானே?"

சொல்லிவிடலாம். இந்த ஒன்பது மாதத்தில் இவ்வளவு பக்கத்தில் வந்து யாரும் அவளைக் கேட்டதில்லை.

"அம்மா நெய்ஞ்சதுதான்," என்றாள்.

பக்கத்து அறையில் அலமாரிக் கதவு மெல்ல முனகியது.

அன்று அவள் அலமாரியைத் திறக்கவில்லை. தண்ணீர் ஊற்றிய சோறும் அவித்த கீரையுமாக ஒரு தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கதவையே பார்த்துச் சாப்பிட்டாள். உள்ளேயிருந்து சின்னதாக ஒரு சத்தம் வந்தது. காய்ந்த கஞ்சாத் தண்டை ஒடித்து நாரை உரிக்கும்போது வருகிற சத்தம். படக். பிறகு நீளமாக ஒரு இழுப்பு. படக். நீளமாக ஒரு இழுப்பு. அவசரமே இல்லாத வேலை. பயத்துக்கு அடியில், வெட்கப்படும்படியாக, இன்னொன்றும் அவளுக்குள் இருந்தது. வீட்டில் யாரோ இருக்கிறார்கள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு, தான் சாப்பிடுகிற நேரத்தில், பக்கத்து அறையில் யாரோ ஏதோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் நாள் மழை வெளுத்து வாங்கியது. சந்தில் தண்ணீர் முழங்காலுக்கு ஏற, இரண்டு மணிக்கே கடையை மூடிவிட்டு வந்தாள். பூன்தம் வீடு பூட்டியிருந்தது. அவள் செருப்பை எப்போதும்போல உள்ளே, கதவோரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு முன்னறையில் நின்றாள். விளக்கைப் போட்டாள். மின்சாரம் இல்லை. பகல்தான், ஆனாலும் ஜன்னலில் வெளிச்சம் பாத்திரம் கழுவிய தண்ணீர்போலக் கலங்கியிருந்தது.

வாசனை. சாம்பல் நீரில் வேகிற நார்.

அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தன. வாசனை உள்ளறை அலமாரியிலிருந்து வந்தது, அங்கே போனாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது, அவள் திறக்கவில்லை. குனிந்தாள். மேல்தட்டு எடுக்கப்பட்டு, பக்கத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. தாள் காய்ந்து சுருண்டிருந்தது. பன்னிரண்டு விதைகளும் பிளந்திருந்தன. உள்ளே பருப்பு இல்லை. வெறும் ஓடுகள், ஒரே வரிசையில்.

ஒவ்வொரு ஓட்டிலிருந்தும் ஒரு வெள்ளை வேர். பன்னிரண்டு வேரும் தட்டின் விளிம்பில் ஒன்றுசேர்ந்து ஒரே இழையாகியிருந்தன. அவை தாமாகப் பின்னிக்கொள்ளவில்லை, முறுக்கப்பட்டிருந்தன. வலமிருந்து இடமாக. மாமியார் முறுக்குவதுபோல.

தொட்டாள். ஈரம். சூடு. இழுத்தாள். அறவில்லை. நார் அறாது.

இழை அடுக்கைவிட்டு இறங்கி, தரையில், சுவரோரமாக, முன்னறைக்குப் போயிற்று. இப்போதுதானே அந்த வழியாக வந்தாள்? கால் ஈரம்கூட இன்னும் தரையில் இருந்தது. ஒரு முழுப் பாதம். ஒரு விரல் குறைந்த பாதம். இழை அந்தத் தடங்களின்மேல் ஓடியது.

அவள் அதன் பின்னால் போனாள். வேறு எங்கே போவது?

கதவோரத்தில் அவள் ரப்பர் செருப்பு இல்லை. அது சுவரோரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அது இருந்த இடத்தில் ஒரு சோடி நார்ச்செருப்பு. வெள்ளையாக, ஈரமாக, நெருக்கமான பின்னல். இடது செருப்பின் சுண்டுவிரல் பக்கம் ஒடுங்கியிருந்தது.

இரண்டும் வெளிப்பக்கம் பார்த்திருந்தன.

வலது செருப்பில் குதிகால் மட்டும் முடியவில்லை. அங்கேயிருந்து இழை கதவுக்கு அடியில் நுழைந்து வெளியே போனது. விறைப்பாக இருந்தது.

வெளியே மழை. ஓட்டில் ஒரு சத்தம், தொட்டிச் செடியில் ஒரு சத்தம். கதவுக்கு நேர் வெளியே, ஆள் உயரத்தில், மூன்றாவதாக ஒரு சத்தம். வழுவழுப்பான துணியில் விழுகிற மழை.

சரக்கு.

தட்டவில்லை. கூப்பிடவில்லை.

"வித்துட்டேன்," என்றாள் மைசீ. குரல் யாருடையதோபோல வந்தது. "ரெண்டையும் வித்துட்டேன், வாமெங். ஒன்னோடதையும். என்னோடதையும். பயந்துபோய் வித்துட்டேன்."

வெளியே நின்றது, கேட்டதுபோல அசையாமல் இருந்தது. மழை மட்டும் பெய்தது. ஒரு மூச்சு நேரம். இரண்டு மூச்சு.

பிறகு இழை அசைந்தது. கதவுக்கு அடியில் மெல்ல உள்ளே வந்தது, முறுக்கேறி, நனைந்து, நீளமாக. வலது குதிகாலில் ஒரு கண்ணி விழுந்தது. இறுகியது. இன்னொரு கண்ணி. இறுகியது.

இன்னும் இரண்டே கண்ணிதான் பாக்கி. அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கால் ஏற்கெனவே செருப்புக்குள் இருந்தது. சுண்டுவிரல் பக்கம் துளிகூடத் தொளதொளக்காமல், கச்சிதமாக, சூடாக.