முதல்தர இருட்டு

செவ்வாயின் கருங்குன்றுக் குடியிருப்பில் பொழுது சாய்ந்ததும் யாரும் விளக்குப் போடுவதில்லை. காதுக்குப் பின்னால் ஒரு தட்டு தட்டினால் போதும், கண்ணுக்குள் பதித்த இரவுவில்லை விழித்துக்கொள்ளும். கும்மிருட்டில் குழந்தைகள் பாடம் படிப்பார்கள். மாமியார் மருமகள் சண்டைகூட இருட்டிலேயே நடக்கும்.

அந்த வில்லையை அணைத்துவிட்டு விண்மீன்களை அண்ணாந்து பார்க்கிற பைத்தியங்களும் அங்கே உண்டு. அவர்களுடைய வான்நோக்கர் சங்கத்துக்குத் தலைவி கயற்கண்ணி.

பக்கத்துச் சமவெளியில் சுரங்கம் தோண்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. அதன் ராட்சத விளக்குகள் வந்தால் வானம் போச்சு. செவ்வாயின் காற்றில் மிதக்கும் புழுதி, துளி வெளிச்சத்தையும் வானமெங்கும் அப்பிவிடும். கருங்குன்று 'முதல்தர இருள்வெளி' என்று அறிவிக்கப்பட்டால் மட்டுமே தடுக்கலாம். அதற்கு அடுத்தடுத்த இரண்டு மாலைகளில் இருள்மானி அதே தரத்தைக் காட்டவேண்டும். கயற்கண்ணி வீடுவீடாக ஏறி, அடுப்பின் சிவப்புப் பொட்டு விளக்குக்குக்கூடக் கறுப்புத்தாள் ஒட்டினாள். செவ்வாயில் மின்மினி இருந்திருந்தால் அதற்கும் ஒட்டியிருப்பாள்.

முதல் மாலை, ஆய்வு இயந்திரன் குன்றின்மேல் இருள்மானியை நிறுத்தி வானத்தை அளந்தது.

"முதல் தரம். நான் அளந்ததிலேயே இதுதான் சுத்தமான இருட்டு. நாளைக்கும் இப்படியே இருந்தா சான்றிதழ் உங்களுக்குத்தான்."

கயற்கண்ணிக்கு அழுகையே வந்துவிட்டது. குடியிருப்புத் தலைவர் சங்கிலிமுத்து துள்ளிக் குதித்தார்.

"இனிமே அந்தக் கம்பெனி வந்த மாதிரிதான்! உங்களுக்கு ஒரு மரியாதை செய்யாம விடமாட்டோம்மா."

"நாளைக்கும் அளக்கணும் தலைவரே."

"அதான் பாஸாயிட்டோமே! நாளைக்கு எல்லாம் சும்மா பேருக்கு."

மறுநாள் மாலை, இயந்திரனோடு குன்றுக்குக் கிளம்பிய கயற்கண்ணி குடியிருப்பின் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடிக் கூரை நெடுக சீரியல் விளக்கு. நான்கு மூலையிலும் வானத்தைத் துழாவும் சுழல்விளக்கு. வாசலில் பிரம்மாண்டமான அலங்கார வளைவு. ஊரே இரவுவில்லையை அணைத்துவிட்டு வாய்பிளந்து வேடிக்கை பார்த்தது.

வளைவின் கீழே நின்ற சங்கிலிமுத்துவிடம் பாய்ந்தாள். "என்ன அநியாயம் இது தலைவரே! முதல்ல அணைங்க எல்லாத்தையும்!"

"அணைச்சிடுறோம்மா. உங்களுக்குன்னு ஆசையா செஞ்சது. ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

நிமிர்ந்தாள். வளைவின் உச்சியில், 'இருள் காத்த நாயகி கயற்கண்ணி' என்று ஆளுயர எழுத்துகள் பொன்னாய் ஜொலித்தன. பக்கத்தில் அவளுடைய படம், கண்ணைப் பறிக்கும் ஒளிவட்டத்தோடு. அதற்குமேல் வானத்தில் ஒரு விண்மீன்கூட இல்லை.

"நேரமாச்சு. அளக்கட்டுமா?" என்றது இயந்திரன்.

கயற்கண்ணி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கொஞ்சம் இருங்க," என்று அதனிடம் சொல்லிவிட்டு, சங்கிலிமுத்துவின் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"ஏன் தலைவரே, என் பேர்ல கடைசி எழுத்து மட்டும் எரியலையே?"