தோளில் மாட்டிப் பார்க்காத பை

"என் தோட்டைக் காணோம்!"

செலுவம்பா போட்ட கூச்சலில், ஏணிமேல் நின்றிருந்த கடைக்காரன் சேகரன் விழாமல் பிழைத்ததே பெரிது. 1953, மைசூர். சனிக்கிழமை காலை, பத்து மணி இருக்கும்.

காணாமல் போனது வைரத் தோடு. செலுவம்பாவின் மாமியார் போட்டிருந்தது. அவர் காலமானதும் மூத்த மருமகள் கைக்கு வந்தது. கல் ஆடுகிறது என்று ஆசாரியிடம் காட்டக் கொண்டுவந்தவள், அன்றாடம் தோளில் மாட்டிக்கொள்ளச் சின்னப் பை ஒன்று வாங்கலாம் என்று வழியில் சேகரன் கடைக்குள் நுழைந்தாள். துணைக்கு அவளுடைய கொழுந்தன் நரசிம்மமூர்த்தி.

கடையில் இன்னொருத்தியும் இருந்தாள். பெண்கள் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர், பங்கஜவல்லி. அவளுக்கும் பைதான் வேண்டும், சாவி, மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை போட்டுக்கொள்ள. அரைமணி நேரமாக ஒன்றும் பிடிக்கவில்லை. ஒன்றுக்குக் கொக்கியைத் திறக்க இரண்டு கை வேண்டியிருந்தது. இன்னொன்றில் ஏழு அறை, ஒன்றிலும் கை நுழையாது. ஓரத்துப் பெஞ்சுக்கு மேலே ஆணியில் தொங்கிய மண்ணிற ரெக்ஸின் பையோ பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குத் தைத்தது. அதன் வார் அவள் தோளில்கூட ஏறவில்லை. பையைத் தைக்கிறவர்கள் ஒருநாளாவது அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்திருப்பார்களா என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

"கடைசியா எப்ப பார்த்தேள்?" என்று பங்கஜவல்லி கேட்டாள்.

"இதோ, இந்த மேஜைமேலதான்! புதுப் பையில எல்லாம் அடங்கறதான்னு பார்க்கப் பழைய பையைக் கொட்டினேன். தோட்டு டப்பி ஓரமா இருந்தது. பையை மாட்டிண்டு உள்ளே கண்ணாடிகிட்டப் போனேன். வந்து பார்த்தா இல்லை!" சொல்லிக்கொண்டே செலுவம்பா விற்பனைக்காரப் பெண் பக்கம் திரும்பினாள். "மேஜைகிட்ட நின்னவ இவதான்."

ராணிக்கு இருபது வயது. கொள்ளேகாலத்திலிருந்து பிழைப்புக்கு வந்த குடும்பம். "நானு எடுக்கலீங்க. பையில பேப்பர் திணிச்சிட்டிருந்தேன்," என்றாள்.

அது உண்மை. அந்தக் கடையில் பைகள் சப்பிப் போகாமலிருக்க ஒவ்வொன்றிலும் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்து வைப்பார்கள். காட்டும்போது எடுப்பதும் திரும்ப அடைப்பதும் ராணியின் வேலை. ஆனால் உண்மை யாருக்கு வேண்டும்? சேகரன் ஏணியிலிருந்து குதித்து வந்தான்.

"மடியை உதறு."

வாசலில் அதற்குள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் ராணி மடியை உதறிக் காட்டினாள். ஒரு சீப்பும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. சேகரனுக்கு அதுவும் போதவில்லை. பக்கத்துக் கடை டெலிபோனில் போலீஸுக்குச் சொல்லிவிட்டு வந்தான். ராணி அழவில்லை. விழுந்த சீப்பையும் டிக்கெட்டையும் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டாள். போலீஸ் கையில் சிக்கினால் திருடி என்ற பேர் நாளைக்கே கொள்ளேகாலம் போய்ச் சேரும், அப்புறம் எந்தக் கடையும் அவளை உள்ளே விடாது.

பங்கஜவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உம்ம மடியை உதறினீரா, ஓய்?" என்றாள் சேகரனிடம்.

"நானு ஏணிமேல இருந்தனுங்களே!"

"என்னையும் யாரும் கேக்கலை. நானும் இங்கேதான் இருந்தேன், அலமாரியைப் பார்த்துண்டு. அந்த ஸ்வாமியையும் கேக்கலை." பெஞ்சில் உட்கார்ந்திருந்த நரசிம்மமூர்த்தியைக் காட்டினாள். பருத்த உடம்பு, வக்கீல் குமாஸ்தா. கையை நீட்டினால் மேஜை எட்டும்.

"சும்னே என்னை ஏன் இழுக்கறேள்?" என்றார் அவர் கன்னடம் கலந்து. பக்கத்தில் கிடந்த தமிழ் வாரப் பத்திரிகையைத் தட்டிக் காட்டினார். "வந்ததிலேர்ந்து இதுல தொடர்கதை படிச்சிண்டிருந்தேன். தலையே தூக்கலை."

"படிக்கிற சுகத்துல பாவம், கடையைக் கண்டுபிடிச்ச சிரமம்கூட மறந்திருக்கும்," என்று சேகரன் குழைந்தான். "போர்டுக்குக் கீழேயே ரெண்டு பேரும் நின்னுட்டு, சேகரன் பைக்கடை எதுன்னு என்னையே கேட்டாங்க! எங்க ஊர் கோயமுத்தூர்லருந்து கொண்டாந்த தமிழ் போர்டுங்க, எழுத்து ஒவ்வொண்ணும் பூசணிக்காயாட்டம் இருக்கும்."

நரசிம்மமூர்த்தி எழுந்தார். "எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சு. மன்னி, நீங்க போலீஸைப் பார்த்துக்கோங்கோ. சேகரன், அந்த மண்ணிறப் பையைத் தனியா எடுத்து வையும். சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன். தினம் ஆபீசுக்குக் கொண்டுபோக ஆகும்."

"ஆகட்டுங்க," என்று சேகரன் பையை எடுக்கப் போனான்.

"தொடாதே!"

வகுப்பில் நாற்பது பெண்களை அடக்குகிற குரல் அது. சேகரன் கை அந்தரத்தில் நின்றது.

பங்கஜவல்லி பத்திரிகையை எடுத்து நரசிம்மமூர்த்தியிடம் நீட்டினாள். "அந்தக் கதையில ஒரே ஒரு வரி வாசியுங்கோ ஸ்வாமி."

அவர் வாங்கவில்லை. "இது என்ன பரீட்சையா?"

"பரீட்சைதான். உங்களை மாதிரி நானும் மேல்கோட்டை மண்டயத்து ஐயங்கார் குடும்பம். ஆத்துல பேசறது தமிழ், பள்ளிக்கூடத்துல படிச்சது கன்னடம். பிரபந்தம்கூட கன்னட எழுத்துல அச்சடிச்சதைப் பார்த்துத்தான் சேவிக்கறோம். மெட்ராஸ்ல படிக்கப் போனதால எனக்குத் தமிழ் எழுத்து வந்தது. என் கூடப்பிறந்தவனுக்கு இன்னிவரைக்கும் வராது. பூசணிக்காய் அளவு போர்டைப் படிக்கத் தெரியாத நீங்க, இந்தப் பொடி எழுத்துல தொடர்கதை படிச்சேளா?"

சேகரன் வாயைப் பிளந்தான். அவனுக்கு அது தோன்றியிருக்க நியாயமில்லை. தமிழ் பேசுகிறவன் தமிழ் படிப்பான் என்றுதான் கோயமுத்தூர்க்காரன் நினைப்பான்.

"சரி, படம் பார்த்தேன்!" என்றார் நரசிம்மமூர்த்தி. நெற்றித் திருமண்ணைச் சுற்றி வேர்த்துவிட்டது.

"படம் பார்த்தவர் படிச்சேன்னு ஏன் பொய் சொன்னேள்? அதுவும் போகட்டும். அன்னாடம் தூக்கிண்டு போற பையை வாங்கறவா என்ன செய்வா? தோள்ல மாட்டிப் பார்ப்பா. நான் ஒம்பது பையை மாட்டிப் பார்த்தேன். உங்க மன்னி மூணு. நீங்க ஒரு தரம்கூட அதைத் தோள்ல போடலை. விலை கேக்கலை. அந்த வார் என் தோள்லயே ஏறலை, உங்க தோளுக்கு எப்படி ஏறும்? உங்களுக்கு வேண்டியது பை இல்லை, உள்ளே இருக்கறது. ராணி, பேப்பரை வெளியே எடும்மா."

ராணி பையைக் கவிழ்த்தாள். பேப்பர் சுருளோடு நீல வெல்வெட் டப்பி மேஜையில் விழுந்தது. அதற்குள் தோடு பத்திரமாக இருந்தது.

"அது எங்கம்மா தோடு!" என்று நரசிம்மமூர்த்தி கத்தினார். "மூத்தவன் பெண்டாட்டிக்கு வைரம், என் பெண்டாட்டிக்கு வெறுங்காதா?"

"அதை உங்க அண்ணாகிட்டக் கேக்க வாய் இல்லை. இந்தப் பொண்ணு மடியை உதறினப்போ பார்த்துண்டு உக்காந்திருந்தேளே, சீ!" என்றாள் பங்கஜவல்லி.

வாசலில் கூட்டம் விலகியது. கான்ஸ்டபிள் உள்ளே வந்து, "எங்கே அந்தக் கள்ளி?" என்று கன்னடத்தில் கேட்டார்.

செலுவம்பா சட்டென்று டப்பியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லை. கை மறதியா வச்சுட்டேன், கிடைச்சுடுத்து. நீங்க போகலாம்," என்று அவளும் கன்னடத்தில் சொன்னாள். சேகரன் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். கான்ஸ்டபிள் சலித்துக்கொண்டு திரும்பினார்.

ராணி மேஜையைச் சுற்றி வந்து வாசலை மறித்து நின்றாள்.

"ஏம்மா, குடும்ப மானம்..." என்று செலுவம்பா அவள் கையைப் பிடித்தாள்.

"எனக்கும் குடும்பம் இருக்குதுங்க," என்று ராணி கையை உதறினாள். கான்ஸ்டபிளைப் பார்த்துக் கன்னடத்தில், ஒவ்வொரு வார்த்தையாக, கூட்டம் முழுக்கக் கேட்கும்படிச் சொன்னாள்: "திருடினது இவர். பேர் நரசிம்மமூர்த்தி. எழுதிக்கோங்க."

"சாட்சிக்கு என் பேரையும்," என்றாள் பங்கஜவல்லி.