ஆடாமல் ஜெயித்த வருடம்

தை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை காலையில் எங்கள் கல்லூரியின் உடற்கல்வி அறையில் சுண்டல் வேகும். புதிய பருவத்தின் முன்னறிவிப்பு வெளியாகிற நாள் அது. சீருடையைத் துவைத்துத் தேய்த்துப் போட்டுக்கொண்டு அணி முழுவதும் வந்துவிட வேண்டும் என்பது எங்கள் பயிற்சியாளர் தங்கபுஷ்பம் மேடத்தின் உத்தரவு. முடிவு எப்படி இருந்தாலும் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு கேட்கக் கூடாதாம். அதனால்தான் சுண்டல்.

சுவர்த்திரையில் கணியன் என்கிற கணிப்பு இயந்திரம் வரிவரியாக எழுதிக்கொண்டே போனது. நாகர்கோவில்: வெற்றி, உறுதி தொண்ணூற்றாறு. பாளையங்கோட்டை: வெற்றி, தொண்ணூற்றெட்டு. மதுரை: வெற்றி, தொண்ணூற்றைந்து. ஒவ்வொரு வரிக்கும் பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள். கடைசி ஆட்டம் கோவில்பட்டி: வெற்றி, தொண்ணூற்றிரண்டு. எட்டுக்கு எட்டு. மண்டலக் கோப்பை எங்களுக்கு. மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கி மட்டும் சுண்டலைத் தொடவில்லை. அவள் எங்கள் பேஸ்பால் அணியின் பிட்சர். நான் கேட்சர். மூன்று வருடமாக அவள் எறிகிற பந்தை வாங்கி வாங்கி என் இடது உள்ளங்கை செருப்புத் தோலாகிவிட்டது.

"ஒண்ணு கூட இல்லியாட்டி?" என்றாள்.

"எட்டும் ஜெயிச்சாச்சு. இதுல என்ன ஒண்ணு கூட இல்ல?"

"ஆடுறதுக்கு, டெல்ஃபின். ஆடுறதுக்கு ஒண்ணு கூட இல்ல."

கத்திக்கொண்டிருந்த மற்றவர்களும் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துபோனார்கள். கணக்கு அவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

முன்பெல்லாம் எல்லா ஆட்டத்தையும் ஆடித்தான் பார்த்தார்களாம். தண்ணீருக்கு முறை வைத்த பிறகு அது கட்டுப்படியாகவில்லை. தூத்துக்குடியில் குடிக்கிற தண்ணீரே வாரத்துக்கு இருமுறைதான் வருகிறது. ஒரு தளப்பந்து ஆட்டத்துக்கு மைதானத்தில் புழுதி அடங்க ஒரு லாரித் தண்ணீர் தெளிக்க வேண்டும். அரசாணையில்தான் தளப்பந்து, எங்கள் வாயில் என்றைக்கும் பேஸ்பால்தான். தண்ணீர் போக வெளியூர் அணிக்குப் பேருந்து, பேருந்துக்கு மின்சார ஒதுக்கீடு. இந்தச் சமயத்தில்தான் கணியன் வந்தது. ஆட்டக்காரிகள் எல்லோரும் வருடம் முழுவதும் தோளில் உணரி ஒட்டிக்கொள்ள வேண்டும். எப்படி எறிகிறோம், எப்படி ஓடுகிறோம், எந்தப் பந்துக்கு மிரளுகிறோம் என்று அது கணியனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு உறுதி என்று கணியன் சொல்லிவிட்டால் அந்த ஆட்டம் முடிந்ததாகவே பதிவாகும். தொண்ணூறுக்குக் கீழே வருவது ஐய ஆட்டம். அதை மட்டும் தண்ணீர் தெளித்து ஆடிக்கொள்ளலாம்.

தெரிந்த முடிவுக்கு எதற்குச் செலவு என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் தெருவில் குடத்தோடு நிற்கிறவர்களிடம் போய், எங்களுக்கு ஒரு லாரித் தண்ணீர் வேண்டும், ஏற்கெனவே தெரிந்ததை ஆடிப் பார்க்கப் போகிறோம் என்று என்னாலும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் நிலைமை கொஞ்சம் மோசம். முதல் வருடம் எட்டும் தோல்வி, எல்லாம் உறுதி. இரண்டாம் வருடம் நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஒரே ஒரு ஐயம். அந்த ஒன்றும் மழையில் போனது. இப்போது கடைசி வருடம். தோற்றதும் ஆடாமல்தான், ஜெயித்ததும் ஆடாமல்தான். என் சீருடையில் இன்றுவரை மண் பட்டதில்லை.

கல்லூரிகள் தங்களுக்குள் ரகசியமாக ஆடிக்கொள்ளவும் வழியில்லை. பதிவில்லாத ஆட்டம் கணியனின் தரவைக் குழப்பிவிடுமாம். பிடிபட்டால் அந்தப் பருவம் முழுவதும் தடை.

அன்று மாலை பயிற்சியில் இசக்கி மெதுபந்தாகவே எறிந்தாள். அது அவளே கண்டுபிடித்த பந்து. கையும் தோளும் வேகப்பந்துக்குச் சுழல்கிற மாதிரியே சுழலும். பந்து மட்டும் சோம்பலாக வந்து கடைசியில் முழங்காலுக்குக் கீழே இறங்கும். முதலில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஏமாந்தார்கள். இப்போது யாரும் ஏமாறுவதில்லை.

"இவளுகளுக்கு என் விரலப் பார்த்தாலே தெரிஞ்சிருது," என்றாள். "என்னைத் தெரியாதவ ஒருத்தி மட்டையோட எதிர்ல நிக்கணும். வேகமா வரும்னு நம்பிச் சுத்தி, காத்த அடிச்சிட்டு முழிக்கணும். அந்த முழிய ஒரு தடவ பார்த்துட்டேன்னா போதும்ட்டி."

"அவ ஏமாந்துருவான்னு கணியனே சொல்லுதே."

"அது சொல்லுது. நான் பாக்கலியே."

முன்னறிவிப்புக்குப் பிறகு திருத்த வாரம் என்று ஒன்று உண்டு. காயம்பட்டவர்களை நீக்கலாம், புதியவர்களைச் சேர்க்கலாம், எந்த ஆட்டத்துக்கு யார் எந்த இடத்தில் என்று மாற்றலாம். வாரக் கடைசியில் கணியன் மறுபடி கணக்குப் போடும். அது போட்டதுதான் முடிவு. அதற்குப் பிறகு அப்பீல் கிடையாது. புதன்கிழமை இசக்கி மேடத்திடம் போய் நின்றாள். நானும் கூடப் போனேன்.

"கோவில்பட்டி ஆட்டத்துக்கு மட்டும் டெல்ஃபின் எறியட்டும், மேடம். நான் கேட்சரா உக்காருதேன்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எறிகிற லட்சணம் அவருக்குத் தெரியும்.

"தோத்துருவோமே பிள்ள."

"தோக்கலாம், ஜெயிக்கலாம். அதத்தான் கேக்கேன். தொண்ணூத்தி ரெண்டு எழுபதுக்கு வந்தாக்கூட ஆட விட்டுருவாங்கல்லா?"

"நீ எறியணும்னுதானே துடிக்க? ஆட்டம் கெடச்சு, அதுல எறியாம உக்காந்தா உனக்கு என்ன கெடைக்கும்?"

"எதிர்ல ஒருத்தி மட்டையோட நிப்பால்லா, மேடம்," என்றாள்.

மேடம் அணியைக் கூட்டிக் கேட்டார். தோற்றால் கோப்பை மதுரைக்குப் போகக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். கோப்பை வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒரு கை பாதி தூரம் எழும்பி, பக்கத்தில் பார்த்துவிட்டு இறங்கியது. அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலகத்திலேயே முதன்முறையாக ஒரு அணி வேண்டுமென்றே பலவீனமாகிறது, அந்தப் பலவீனத்துக்குப் பெயர் டெல்ஃபின்! இருந்தாலும் அன்று ராத்திரி படுக்கையில் கை தானாகவே பந்து பிடிக்கிற மாதிரி மடங்கியது. நானும் ஒருமுறை ஆடப்போகிறேன் என்ற சந்தோஷம்தான்.

அடுத்த திங்கட்கிழமை சுண்டல் இல்லை. மேடத்துக்கு வைக்க மறந்துவிட்டது. நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏழு வரிகளிலும் மாற்றமில்லை. எட்டாவது வரி வந்தது. கோவில்பட்டி: தோல்வி, உறுதி தொண்ணூற்று மூன்று.

டெல்ஃபின் எவ்வளவுதான் மோசமாக எறிந்தாலும் இவ்வளவு விழாதே என்று நானே சொன்னேன். மேடம் கோவில்பட்டிக் கல்லூரிக்குப் பேசினார். மறுமுனையில் வந்தது அவர்கள் அணித்தலைவி மாரிக்கனி. திரையில் அவள் முகம் அழுது வீங்கியிருந்தது.

"நீங்க ரொம்ப உசரத்துல இருக்கீங்க, எங்க டீமத் தூக்கிவிட்டாத்தான் ஐயத்துக்கு வரும்னு நெனச்சோம், மேடம்," என்றாள். "எங்க காலேஜ் ஹாக்கி டீம்ல கெஞ்சி அஞ்சு பேர இதுல சேர்த்தோம். நானும் மொதல்ல ஹாக்கிக்காரிதான். ஒரு வருசத்துல ஒருத்தி ஒரு வெளையாட்டுதான ஆடலாம்? அவளுக ஹாக்கிய விட்டுட்டு வந்தாளுக. நீங்க எறங்கி வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

கோவில்பட்டியில் குழந்தை நடக்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே ஹாக்கி மட்டையைப் பிடித்துவிடும் என்பார்கள். அந்த ஊர்ப் பெண்கள் ஹாக்கியை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்றால் எவ்வளவு ஆசை இருந்திருக்க வேண்டும்! நாங்கள் கீழே இறங்கினோம், அவர்கள் மேலே ஏறினார்கள், நடுவில் எங்கோ ஒருவரையொருவர் தாண்டிப் போய்விட்டோம். இரண்டு அணியில் ஒன்று சும்மா இருந்திருந்தால்கூட ஆட்டம் நடந்திருக்கும். எங்களைப் போலவே ஏழு வெற்றி இருந்த மதுரைக்கு ஓட்டக் கணக்கில் கோப்பை போனது. இசக்கி மூன்று நாள் பயிற்சிக்கு வரவில்லை.

ஆடாத ஆட்டத்துக்கும் ஒரு சடங்கு உண்டு. குறித்த நாளில் சொந்த ஊர் அணி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு நிற்க வேண்டும். வெளியூர் அணி திரையில் வரும். அம்பயர் முடிவை வாசிப்பார். இரு பக்கமும் கும்பிட்டுக் கலைவோம். பங்குனி வரைக்கும் ஏழு முறை இப்படிக் கும்பிட்டோம், கலைந்தோம். எட்டாவது, பருவத்தின் கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில்.

அன்று காலை நான் சுண்ணாம்புப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் சலசலப்பு கேட்டது. கோவில்பட்டிப் பிள்ளைகள் சீருடையில் நின்றார்கள். திரையில் அல்ல, நேரில். பாசஞ்சர் ரயிலில் அவரவர் கைக்காசைப் போட்டு வந்திருக்கிறார்கள்.

"சும்மாதான்," என்றாள் மாரிக்கனி. "ஹாக்கியும் போச்சு, இதுவும் போச்சு. தோக்கடிச்சவங்க மொகத்தையாவது பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

"தோத்தது நாங்கட்டி," என்றாள் இசக்கி. எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு அடங்கியதும் அவர்களைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அம்பயர் ஞானதிரவியம் சார் இரண்டு அணியையும் கோட்டின் மேல் நிறுத்தி முடிவை வாசித்தார். கோவில்பட்டி வெற்றி. பருவம் நிறைவு. கும்பிட்டோம். வழக்கமாக இந்த இடத்தில் விளக்குமாறு வரும், கோட்டை அழிக்க. யாரும் எடுக்கவில்லை.

இசக்கி அவரிடம் போனாள். "சார், பதிவில்லாம ஆடுனா அந்தப் பருவம் முழுசும் தடைன்னுதான விதி?"

"ஆமா."

"பருவம்?"

"இப்பதானம்மா முடிச்சு வச்சேன்…" சொல்லிவிட்டு அவர் நிறுத்தினார். கையிலிருந்த முகக்கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அதை அவர் ஒருமுறைகூட ஆட்டத்துக்காக மாட்டியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். மேடத்தைப் பார்த்தார். மேடம் வானத்தைப் பார்த்தார்.

"உணரியக் கழட்டி வைங்க," என்றார் சார்.

பதினெட்டு உணரிகளையும் சுண்டல் சட்டியில் போட்டு மூடினார் மேடம். தண்ணீர் தெளிக்காத மைதானம். ஓடிப் போய் அவரவர் இடத்தில் நிற்பதற்குள்ளாகவே செம்புழுதி கிளம்பி எல்லோர் சீருடையிலும் ஏறியது. நான் என் பழைய இடத்தில் குந்தினேன். எறிகிற மேட்டில் இசக்கி. இனி யாரும் எந்த இடத்திலும் ஆடலாம், எந்தத் திருத்தமும் வேண்டாம்.

முதலில் மாரிக்கனி வந்து நின்றாள். மட்டையை ஹாக்கிப் பழக்கத்தில் தாழ்த்திப் பிடித்திருந்தாள். இசக்கி என்னைப் பார்த்தாள். என்ன பந்து என்று நான் கேட்கவே இல்லை. தெரியும்.

கை சுழன்றது, தோள் சுழன்றது. மெதுபந்து. நாங்கள் இரண்டு பேரும் மூன்று வருடமாகக் காத்திருந்த அந்தப் பந்து சோம்பலாக வந்தது. மாரிக்கனி ஏமாந்து பாதியில் தடுமாறினாள். பந்து முழங்காலுக்குக் கீழே இறங்கியது. என் கையுறை திறந்தே இருந்தது. தரையோடு வருகிற பந்தையே வாழ்நாள் முழுவதும் அடித்துப் பழகியவள் அவள். மட்டை தாழ்ந்து வந்து கூட்டி எடுத்தது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. பந்து எங்கள் எல்லோர் தலைக்கும் மேலே போய், மதில் சுவரைத் தாண்டி, தெருவில் எங்கோ விழுந்தது.

மாரிக்கனிக்கு ஓடத் தோன்றவில்லை. மட்டையோடு அப்படியே முழித்துக்கொண்டு நின்றாள்.

இசக்கி மதிலைப் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்து நான் எழுந்து பாதி தூரம் ஓடிவிட்டேன். புழுதி படிந்த அவள் முகம் முழுக்கச் சிரிப்பு.

"இத யாரும் எங்கிட்ட முன்னாடியே சொல்லலியேட்டி!" என்று கத்தினாள்.