மறுகரையில் நின்ற ஆள்

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பலகை மேசையின் கதவுப் பக்கம் லாரி டிரைவர். அவருக்கு எப்போதும் வண்டி கண்ணில் பட வேண்டும். அடுப்புப் பக்கம் சமையல் மாஸ்டர், யாராவது சோறு கேட்டால் எழுந்துகொள்ளத் தோதாக, பெஞ்சின் நுனியில். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சர்வேயர். அவருக்கு இடப்பக்கம், தோளோடு தோள் உரச, அளவுகோல் பிடிக்கும் ஆள். நெட்டையாக, ஒல்லியாக, ஒரு காலில் பாரத்தைப் போட்டு எவ்வளவு நேரமானாலும் நிற்கக்கூடியவர் என்பதால் அவரை எல்லாரும் கொக்கு என்றார்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே பாலம் கட்டப்போகும் அந்தக் காட்டு முகாமில் அப்போது இருந்தவர்கள் இவ்வளவுதான். இஞ்சினியர் ஊருக்குப் போயிருந்தார். கூலியாட்கள் மழை விட்ட பிறகுதான் வருவார்கள்.

"கேட்டீங்களா மாஸ்டர்," என்றார் கொக்கு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். "நம்ம சார் அந்தக் கரையப் பாத்து ரெண்டு கையையும் தூக்கி என்னைக் கூப்பிடுறாரு. நான் அவரு முதுகுக்குப் பின்னாடி டீயோட நிக்கிறேன்!"

"டீய அவருக்குக் குடுத்தியா, வழியிலயே நீ குடிச்சிட்டியா?"

"பாதி குடுத்தேன்ல?"

டிரைவர் புரையேறச் சிரித்தார். "அப்ப யாரத்தான் சார் கூப்பிட்டீங்க? நாளைக்கு உங்க வீட்டு வழியாத்தான் போறேன். அண்ணி காதுல போட்டு வைக்கவா?"

சர்வேயரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் அது அவருக்கு உறைத்தது. கை பாதி வழியில் நின்றது.

மறுகரையில் நின்ற ஆள் நேராகத் தெரிந்தான்.

நடந்தது இதுதான். சாயங்காலம் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கியதும் இனி வேலைக்காகாது என்று அவர் கொக்குக்குக் கைகாட்டி வரச் சொல்லிவிட்டார். கொக்கும் கோலைத் தோளில் போட்டுத் தொங்குபாலத்தைத் தாண்டி வந்து, அதைக் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டு டீ வாங்கப் போனார். சர்வேயர் கணக்கைச் சரிபார்த்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். திடீரென மூட்டம் கிழிந்து மறுகரை தெரிந்தது. கொக்கை அனுப்பிய நினைவே இல்லாமல் அவர் கண்ணை முக்காலியில் நின்ற அளவைத் தொலைநோக்கிக் கருவியில் வைத்தார். அளவுக்கு அடித்த ஆப்பின் மேல் கோலை ஊன்றி ஆள் நின்றிருந்தான். எண்கள் படிக்க வாகாக இருந்தன. குறித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி இறக்கினார். முடிந்தது, வா. அப்புறம்தான் முதுகுக்குப் பின்னால் டீ வாசனை அடித்தது.

நேராகத் தெரிவதில் என்ன தப்பு? அவருடைய கருவி ரிப்பேருக்குப் போயிருந்தது. கையில் இருந்தது கிடங்கில் கிடந்த பழைய கருவி. அதற்குள் உலகம் தலைகீழாகத்தான் தெரியும். மண் மேலே, வானம் கீழே. மரம், பாறை, கொக்கு எல்லாமே கவிழ்ந்து தொங்கும். எண்களையும் கவிழ்த்துத்தான் படித்தாக வேண்டும். வேலை கற்றுக்கொண்டதே அப்படிப்பட்ட கருவியில் என்பதால் அவருக்கு அது பழக்கம். கருவி யாருக்காகவும் முறையை மாற்றாது. அதற்குள் நேராகத் தெரிந்தவன், அங்கே, அந்தக் கரையில், எப்படி நின்றிருக்க வேண்டும்?

அவர் தட்டை ஓரமாக நகர்த்தினார்.

"அண்ணே, நான் கை காட்டாம நீங்க எப்பவாவது நகர்ந்ததுண்டா?"

"நல்லா கேட்டீங்க போங்க," என்றார் கொக்கு. "முன்ன ஒரு சர்வேயர் என்னை நிக்க வெச்சிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. மறந்தே போயிட்டாரு மனுசன். மழை கொட்டுது. பொழுது சாயுது. நகரலையே நான். கை காட்டுனா வருவேன், காட்டலன்னா நிப்பேன். நம்ம பொழப்பே அதுதானே சார்."

"அந்தக் கரையில பழைய ஆப்பெல்லாம் இருக்குதே…"

"நமக்கு முன்னாடி அளக்க வந்தவங்க அடிச்சது. உங்க கையில இருக்கிற கருவிப் பெட்டியும் அவங்க விட்டுட்டுப் போனதுதான். காய்ச்சலு பரவி, எல்லாத்தையும் போட்டது போட்டபடி ராத்திரியோட கெளம்பிட்டாங்களாம்."

"எல்லாரும் போயிட்டாங்களா?"

"போகாம?" கொக்கு விரலை நக்கிக்கொண்டே சிரித்தார். "எவன் நிப்பான் இங்க?"

ஜெனரேட்டரை நிறுத்தியதும் காடு தகரச் சுவர்வரை வந்துவிட்டது. ஈர இலை மக்கும் வாசனை, டீசல் வாசனை, எங்கோ ஒரே சீராகச் சொட்டும் தண்ணீர், கூரையில் ஏதோ ஒரு கிளை நகத்தால் கீறுவது போல உரசும் ஓசை, இவை எல்லாவற்றுக்கும் அடியில் பள்ளத்தில் ஓடும் ஆற்றின் ஓயாத முணுமுணுப்பு. சர்வேயர் அரிக்கேன் விளக்கைத் தூண்டி, மனைவியின் கடிதத்தை மறுபடி படித்தார்.

'அவளுக்கு லீவு விட்டாச்சு. அப்பா வேலை செய்யும் இடத்தைப் பார்க்கணும் என்று ஒரே பிடிவாதம். அடுத்த நடைக்கு லாரியிலேயே கூட்டிக்கொண்டு வரலாம் என்றிருக்கிறேன். லாரிச் சத்தம் கேட்டால் போதும், நீங்கதான் வந்துவிட்டீர்கள் என்று வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் தூக்குகிறாள்.'

அந்த விளையாட்டை மகளுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். தெருமுனையில் நின்று காத்திருப்பார். வாசற்படியில் ஏறி நின்று அவள் கைகளைத் தூக்கி இறக்கினால்தான் நடப்பார். முடிந்தது, வா.

அவர் எழுத உட்கார்ந்தார். 'இப்போது வர வேண்டாம்' என்று முதல் வரியிலேயே எழுதினார். அட்டை உபத்திரவம், மண்சரிவு, குழந்தைக்குக் காய்ச்சல் வரும் என்று காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினார். காரணம் இல்லாமல் எதையும் சொல்லும் பழக்கம் அவருக்கில்லை.

தொங்குபாலத்தின் பலகை ஒன்று முனகியது.

பேனா நின்றது. காற்றாக இருக்கும். காற்று என்றால் பாலம் முழுதும் முனகும். இது ஒரு பலகை. பிறகு அடுத்த பலகை. ஒவ்வொன்றிலும் முதலில் இரும்பு பட்ட ஓசை. கோலின் அடியில் இருக்கும் பூண். அதன் பின்னாலேயே இன்னொரு ஓசை, மந்தமாக, கனமாக, தேங்காயைத் தரையில் வைத்தது போல.

டக். தொம்.

பாலம் முடிந்தது. இப்போது மண். டக் என்பது சதக் ஆயிற்று. சமையல் கொட்டகையைத் தாண்டியது. கிடங்கைத் தாண்டியது. அவர் கொக்கைக் கூப்பிட வாயைத் திறந்தார். கூப்பிட்டால் அதற்கும் கேட்கும் என்று மூடிக்கொண்டார்.

ஜன்னல் அருகே வந்தது.

கோல் பிடிக்கிறவன் வேறு எங்கே வருவான்? கூப்பிட்டவனிடம்தான். அவருடைய வலது கை தானாக உயர்ந்தது. உள்ளங்கை ஜன்னலைப் பார்க்க, நேராக. அப்படியே நில்.

ஓசை நின்றது.

வெளியே ஒன்றும் தெரியவில்லை. இருட்டு. ஆனால் மூச்சு இருந்தது. ஜன்னலின் உயரத்தில் இல்லை. கீழே. தரையோடு தரையாக.

அவர் கையை இறக்கவில்லை. தோள் எரிந்தது. விரல்கள் மரத்தன. இடது கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டார். விளக்கு அணைந்தது. இறக்கவில்லை.

வெளுத்தபோது மாஸ்டரின் குரல் கேட்டது. "எவன்டா இது, ராத்திரி சேத்துல பல்லாங்குழி ஆடுனவன்?"

சர்வேயர் வெளியே வந்து பார்த்தார். பாலத்திலிருந்து அவருடைய ஜன்னல்வரை, ஒழுங்கான இடைவெளியில், கோலின் பூண் பதிந்த சதுரக் குழிகள். ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில், பானையைக் கவிழ்த்து அழுத்தி எடுத்தது போல ஓர் உருண்டைப் பள்ளம். கால் தடம் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பள்ளத்தில் நீளமாக ஒரு முடி ஒட்டியிருந்தது.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றார் கொக்கு. "கோலு உள்ள இருக்கு, பூட்டு போட்டபடி. சாவி இடுப்புல."

"சார், லேட்டாகுது!" டிரைவர் வண்டியை உறுமவிட்டார். "கடுதாசி இருந்தா குடுங்க. அண்ணி கையிலயே சேத்துடுறேன்."

அவர்கள் வரக்கூடாது. இப்போதைக்கு அது ஒன்றுதான் முக்கியம். சர்வேயர் காகிதத்தை மடித்து உறைக்குள் போட்டார். பசை காய்ந்திருந்தது. மாஸ்டரிடம் இரண்டு சோற்றுப் பருக்கை வாங்கி நசுக்கி ஒட்டி, ஓரம் பிரியாமல் இருக்கிறதா என்று நகத்தால் நீவிப் பார்த்தார். டிரைவர் அதைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொண்டார். உறை கைவிட்டுப் போனதும் ராத்திரியெல்லாம் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

"பின்னாடி கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார். பள்ளத்துல விட்டுடப் போறேன்."

லாரி வழுக்கிக்கொண்டே பின்னால் வந்தது. சக்கரம் விளிம்பை நெருங்கியதும் சர்வேயர் கையை நேராக உயர்த்தினார். நில். டிரைவர் முன் கியரைப் போட்டுத் தலையை நீட்டினார். சர்வேயர், இத்தனை வருடப் பழக்கத்தில், கையை மேலிருந்து முன்னால் வீசினார்.

போ.

அடுத்த ஆப்புக்குப் போ.

அவருக்குப் பக்கத்தில், ஜன்னலுக்குக் கீழே, சேற்றிலிருந்து ஒரு கம்பைப் பிடுங்கும் ஓசை கேட்டது.

லாரி குலுங்கிக்கொண்டு புறப்பட்டது. பின்பக்கம் காலிச் சாக்குகளும் தார்ப்பாயும்தான் இருந்தன. வெறும் கண்ணுக்கு அவ்வளவுதான். அவர் ஓடினார். பெட்டியைத் திறந்தார். கருவியை முக்காலியில் மாட்டினார். திருகாணி கடித்தது. கழன்றது. மீண்டும் கடித்தது.

முகாமுக்குப் பின்னால் சரிவுப் பாதையில் லாரி ஏறிக்கொண்டிருந்தது. கருவிக்குள் அது கவிழ்ந்து, சக்கரங்கள் மேலே, தார்ப்பாய் கீழே. அந்தத் தார்ப்பாயில், கையில் கோலுடன், ஒருவன் மட்டும் நேராக. உச்சந்தலை தார்ப்பாயில் ஊன்றியிருந்தது. கால்கள் வானத்தில்.

"நில்லு!" என்று கத்தினார். கையை உயர்த்தினார். தோள்மூட்டு கழன்றுவிடும்போல உயர்த்தினார்.

"யாருக்கு சார் கை காட்டுறீங்க?" கொக்கு பின்னால் வந்து நின்றார். டீ வாசனை.

அவன் திரும்பவில்லை. முதுகு இந்தப் பக்கம். முகம் பாதையைப் பார்த்து. டிரைவரின் சட்டைப்பையில் ஒட்டிய உறை. உறையின் மேல், அவருடைய திருத்தமான கையெழுத்தில், வீட்டு விலாசம். சாயங்காலம் தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்கும். மகள் வாசற்படியில் ஏறி நின்று இரண்டு கைகளையும் தூக்குவாள்.

லாரி வளைவில் மறைந்தது. சத்தமும் மறைந்தது.

சர்வேயர் கையை இறக்கவில்லை.