இரண்டு வயர்... ஒரே வாக்குமூலம்!

உலகத்தில் பொய் சொல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். மின்சாரம்!

மனிதன் பொய் சொல்வான். மனசாட்சிகூடச் சமயத்தில் சொல்லும். மின்சாரம் மட்டும் சொல்லவே சொல்லாது!

இந்த மகத்தான உண்மையைத் தன் பட்டறை வாசலில் ஆளுயரப் பலகையாக எழுதி வைத்திருந்தார் புரொபசர்.

பலகைக்குள் இருந்த ட்யூப்லைட் போன மழைக்காலத்திலிருந்து எரியவில்லை.

வயரிங் கோளாறு.

எந்தக் கல்லூரியும் அவருக்குப் புரொபசர் பட்டம் கொடுத்ததில்லை. நெடுந்தூரம் போகிற பெரிய டூரிங் பைக்குகளுக்கு வயரிங் பார்ப்பவர். பார்ப்பதைவிட அதிகமாக விளக்குவார். விளக்கம் தாங்காத வாடிக்கையாளர் ஒருவர் வைத்த பெயர் அது. அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

ட்ரிங்... ட்ரிங்...

போன்!

புரொபசர் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கூப்பிடுவாள். மகளுக்குப் பிரசவம் பார்க்க வெளிநாடு போனவள். பேரனுக்குப் பல் முளைத்து, விழுந்து, மறுபடியும் முளைத்தாயிற்று. பாட்டி இன்னும் திரும்பவில்லை. போனில் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

எனவே எடுத்த எடுப்பிலேயே பதிலைச் சொன்னார்.

"சாப்பிட்டாச்சு!"

"ரொம்ப நல்லது. நான் போலீஸ் இன்ஸ்பெக்டர் பேசறேன்" என்றது ஒரு பெண் குரல்.



"சொ... சொல்லுங்க மேடம்..."

"கேப்டனைத் தெரியுமா? டூரிங் பைக் வெச்சிருக்காரே?"

"நம்ம கேப்டனா? நல்லாத் தெரியுமே!"

"நேத்து மலைப்பாதையில பள்ளத்துல கிடந்தாரு. ஆஸ்பத்திரியில போட்டிருக்கு. இன்னும் கண்ணு முழிக்கல."

"ஐயோ..."

"அவர் வண்டிக்குப் போன வாரம் வயரிங் பார்த்தது நீங்கதானே?"

"ஆ... ஆமா..."

"ஆக்சிலேட்டர் கோளாறுன்னு சாட்சி ரெண்டு பேர் சொல்றாங்க. உடனே ஸ்டேஷனுக்கு வாங்க. அவர் செத்துட்டார்னா உங்களை உள்ளே வைக்க வேண்டியிருக்கும்."

"மேடம்..."

"வர்றப்போ டூத் பிரஷ் எடுத்துட்டு வாங்க. உங்க வசதிக்குத்தான் சொல்றேன்!"

லைன் கட்!

புரொபசர் முக்காலியில் உட்கார்ந்தார். எதிரே இன்னொரு முக்காலி காலியாக இருந்தது. அது கேப்டனுடையது.

கேப்டனும் எந்தப் படையிலும் இருந்தவரில்லை. ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேலாளர். ஓய்வு பெற்ற மறுநாள் பைக் வாங்கினார். அதற்கும் மறுநாள் டூரிங் கிளப் ஆரம்பித்தார். அதில் மூன்று பேர். தலைவர், செயலாளர், பொருளாளர். சாதாரண உறுப்பினர் என்று ஒருவர்கூடக் கிடையாது!

வாராவாரம் ஊர் ஊராக வீடியோ போடுவார்கள். பனி மூடிய கணவாய், பாலைவனம், கடற்கரை... எல்லாவற்றிலும் கேப்டன், 'கேப்டன்' என்று அச்சடித்த தொப்பியோடு, பைக்குக்குப் பக்கத்தில், இடுப்பில் கையோடு.

ஒவ்வொரு பயணமும் முடிந்ததும் வண்டி நேராகப் புரொபசரிடம் வரும். தெருமுனையிலிருந்து, யானைக்குட்டி கனத்தை, மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டே வருவார் கேப்டன்.

"மறுபடியும் அதே கோளாறு புரொபசர்! முறுக்கினா உறும மாட்டேங்குது!"

புரொபசர் வயரைப் பிரித்துச் சுற்றிக் கட்டுவார். ஸ்டாண்டில் வைத்தே முறுக்கிப் பார்ப்பார். உறுமும். ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஆபரேஷன் பண்ற டாக்டர் கட்டில்ல படுத்தா பார்க்கறாரு?" என்பார்.

கேப்டன் அதற்கும் தலையாட்டுவார். இரண்டு டீ வரும். பொழுது போகும். பிறகு தெருமுனைவரை மறுபடியும் தள்ளிக்கொண்டே போவார்.

"வண்டியை மதிக்கறவன் பட்டறை வாசல்ல உறும மாட்டான் புரொபசர்!"

என்ன பண்பு என்று புரொபசருக்குப் புல்லரிக்கும்.

டூத் பிரஷையும், பழக்கதோஷத்தில் மல்டிமீட்டரையும் எடுத்துத் துணிப்பைக்குள் போட்டார். வழியனுப்ப ஆளில்லாத வீட்டைப் பூட்டினார். பஸ் ஏறினார்.

* * *

ஸ்டேஷன் கொல்லையில் தகரக் கொட்டகை. அதன் அடியில் பைக் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கண்ணாடி இல்லை. முன் விளக்கு இல்லை.

அந்த வெயிலிலும் தோல் ஜாக்கெட், முழங்கால் கவசம் சகிதம் பெஞ்சில் இரண்டு பேர் வெந்துகொண்டிருந்தார்கள். செயலாளர். பொருளாளர்.

"இவர்தான் மேடம்!" செயலாளர் விரலை நீட்டினார். "இந்த ஆளு ஒட்டுப்போட்ட வயராலதான் எங்க கேப்டன் இப்படிக் கிடக்கறாரு!"

"உட்காருங்க. என்ன நடந்துச்சு? இவர் முன்னாடியே மறுபடி சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"வளைவுல திரும்பறப்போ வண்டி சட்டுனு திணறுச்சு. கேப்டன் முறுக்கினாரு. வண்டி சிங்கம் மாதிரிப் பாய்ஞ்சுது. கண் மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"நீங்க?"

பொருளாளர் எழுந்து நின்றார்.

"வளைவுல திரும்பறப்போ வண்டி சட்டுனு திணறுச்சு. கேப்டன் முறுக்கினாரு. வண்டி சிங்கம் மாதிரிப் பாய்ஞ்சுது. கண் மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாம்..."

"போதும். முடிஞ்சுபோச்சு." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க, புரொபசர்?"

"மேடம், எலக்ட்ரானிக் ஆக்சிலேட்டர்ங்கறது மனித மூளைக்கு நிகரான ஒரு..."

"சுருக்கமா!"

"கேபிள் கிடையாது மேடம். கைப்பிடிக்குள்ள சென்சார் இருக்கும். நாம எவ்வளவு முறுக்கறோம்னு அதுதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லும்."

"பாருங்க. தொட்டுக் காட்டுங்க."

புரொபசர் மண்டியிட்டார். ஹேண்டில்பாருக்கு அடியில் கையை விட்டார். அவருடைய கறுப்பு டேப்தான். பிரித்தார்.

உள்ளே...

அவர் முகம் வெளுத்தது!

இரண்டு வயர்கள் தட்டையாக நசுங்கியிருந்தன. மேல்தோல் கிழிந்து, செம்பு செம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"பார்த்தீங்களா... பார்த்தீங்களா!" செயலாளர் துள்ளினார்.

"உங்க டேப்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எ... என் டேப்தான்."

"இதே இடத்துல முன்னாடியும் போயிருக்கா?"

"ஒவ்வொரு தடவையும் இதே இடம்தான் மேடம்."

"ஒரே இடத்துல ஏன் திரும்பத் திரும்ப நசுங்குதுன்னு நீங்க யோசிக்கவே இல்லையா?"

புரொபசர் பிரித்த டேப்பை உருட்டிக்கொண்டிருந்தார்.

யோசித்திருக்கலாம். யோசித்தால் காரணம் தெரியும். தெரிந்தால் கோளாறு தீரும். தீர்ந்தால் அந்த முக்காலி காலியாகும். ஆகவே யோசிக்கவில்லை. இதையெல்லாம் ஒரு போலீஸ் ஸ்டேஷன் கொல்லையில் எப்படிச் சொல்வது?

பேட்டரி இணைப்பைக் கொடுத்து மல்டிமீட்டரை வைத்தார். ஒரு வயர். பிறகு அடுத்த வயர். கைப்பிடியை மெல்ல முறுக்கினார்.

மறுபடி அளந்தார்.

மறுபடியும்!

"மேடம்..." அவர் குரலில் உயிர் வந்தது. "இந்த வண்டி பாய்ஞ்சிருக்கவே முடியாது!"

"என்ன?"

"கைப்பிடிக்குள்ள ஒரு சென்சார் இல்ல மேடம், ரெண்டு! ரெண்டு சாட்சி மாதிரி. வேணும்னே ரெண்டையும் வேற வேற அளவுல பேச வெச்சிருக்காங்க. ஒருத்தன் நாலுன்னா இன்னொருத்தன் ரெண்டுன்னுதான் சொல்லணும்."

"ரெண்டு பேரும் நாலுன்னு சொன்னா?"

"வயர் ரெண்டும் எங்கேயோ ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம்! கம்ப்யூட்டர் ரெண்டு பேரையுமே நம்பாது. ஆக்சிலேட்டரை மூடிடும். அப்புறம் நீங்க கை ஒடியற வரைக்கும் முறுக்குங்க... நொண்டும், அவ்வளவுதான்."

"சிங்கம்?"

"சிங்கமா? பூனைக்குட்டிகூடப் பாயாது மேடம்!"

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தலையைத் திருப்பினார். பெஞ்சைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணையே சொன்னா நம்பக் கூடாது... அப்படித்தானே?"

தோல் ஜாக்கெட்டுகளுக்குள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வியர்த்தது.

புரொபசர் இப்போது வண்டியைச் சுற்றி வந்தார். இத்தனை நாளும் அவர் பார்த்தது வலப்பக்கம் மட்டும்தான். ஆக்சிலேட்டர் அங்கேதானே இருக்கிறது! வண்டி விழுந்து கிடந்ததால் இன்றைக்குத்தான் இடப்பக்கம் அவர் முகத்துக்கு நேராக வந்தது.

அங்கேயும் அதே இடத்தில் நசுங்கின தடம்! ஹேண்டில்பாரில், பெயின்ட் தேய்ந்து, அழுந்தி, முறுக்கு முறுக்காக...

"இந்தப் பக்கம் எப்படி மேடம்? இங்கே நான் கையே வெச்சதில்லையே!"

இன்ஸ்பெக்டர் குனிந்தார்.

"எங்க அண்ணன் வீடு மாத்துனப்போ பீரோவுல இதே மாதிரி தடம் விழுந்துச்சு. அண்ணி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாங்க." ஒரு விநாடி நிறுத்தினார். "கயிறு. லாரியில ஏத்திக் கட்டின கயிறு!"

புரொபசரின் பார்வை டயருக்குப் போயிற்று. புது டயரில் இருக்கும் ரப்பர் முடிகள் குச்சி குச்சியாக அப்படியே நின்றன. கண்டம் பாதி சுற்றிய டயர்! அடிக்கடி புதுசு மாற்றுகிறார், வசதியானவர் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்.

"ஏட்டய்யா!" இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "ஒட்டின வயரைப் பிரிக்கணும். பொருளாளரை உள் ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க!"

பொருளாளர் போனார். இன்ஸ்பெக்டர் செயலாளரிடம் குனிந்தார்.

"லாரி என்ன கலர்?"

"எ... எந்த லாரி மேடம்? லாரியே கிடையாது!"

இன்ஸ்பெக்டர் உள் ரூமுக்கு நடந்தார். கதவு திறந்தே இருந்தது.

"லாரி என்ன கலர்?"

"நீலம் மேடம்!"

சொன்ன பிறகுதான் பொருளாளர் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் கொட்டியது.

"கிளப்புல யாருக்குமே ஓட்டத் தெரியாது மேடம்... எங்க மூணு வண்டியையும் லாரியில ஏத்திட்டுப் போவோம். நல்ல இடமாப் பார்த்து இறக்குவோம். வீடியோ எடுப்போம். மறுபடி ஏத்துவோம்."

"நேத்து?"

"பலகை வெச்சு இறக்கினோம். கேப்டன் வண்டி மேலேயே உட்கார்ந்துக்கிட்டு வர்றேன்னாரு, வீடியோவுல நல்லா வரும்னு. பலகை நழுவிருச்சு. வண்டி நியூட்ரல்ல இருந்துச்சு... அப்படியே உருண்டு..."

"உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டீங்களா?"

பொருளாளர் ஜாக்கெட் ஜிப்பை மேலும் கீழும் இழுத்தார்.

"கூப்பிட்டீங்களா?!"

"எங்க வண்டியையெல்லாம் கீழே இறக்கி நிறுத்திட்டு... லாரியை அனுப்பிட்டு... அப்புறமாத்தான். லாரியைப் பார்த்துட்டா கிளப் மானம் என்னாகறது மேடம்?"

"அதுவரைக்கும் கேப்டன்?"

பொருளாளர் தரையைப் பார்த்தார்.

"சத்தம் குடுத்துக்கிட்டே இருந்தாரு."

"யாரைக் கூப்பிட்டாரு?"

"பேர் சொல்லி யாரையும் கூப்பிடல மேடம். 'யாராவது இருக்கீங்களா'ன்னு..."



புரொபசர் துணிப்பைக்குள் கையை விட்டு டூத் பிரஷை எடுத்தார். பெஞ்சில், செயலாளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"புதுசுதான். வெச்சுக்குங்க" என்றார்.

* * *

மறுநாள் சாயங்காலம் கேப்டன் கண் விழித்தார்.

பார்வையாளர் நேரம். மற்ற கட்டில்களைச் சுற்றிச் சொந்தபந்தம் மொய்த்தது. கேப்டன் கட்டிலுக்குப் பக்கத்தில் காலி நாற்காலி. மகன் அனுப்பிய குரல் செய்தி போனில் கேட்கப்படாமல் கிடந்தது.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?" நர்ஸ் கேட்டார்.

"மெக்கானிக்."

நர்ஸ் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

கேப்டனின் ஒரு கால் அந்தரத்தில் தொங்கியது. தலையில் தொப்பிக்குப் பதில் கட்டு.

"வாங்க புரொபசர்... வண்டி எப்படி இருக்கு?"

"உங்களைவிட நல்லா இருக்கு."

கேப்டன் சிரிக்கப் பார்த்தார். விலா வலித்தது.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சா?"

"ம்... தெரிஞ்சுபோச்சு."

"கேவலமா இருக்கா?"

"கொஞ்சம்." புரொபசர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏன் சார், ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லிக் கத்துக்கிட்டிருக்கலாமே?"

"தொப்பியில கேப்டன்னு அச்சடிச்சாச்சு. அப்புறம் யார்கிட்டப் போய்க் கேட்கறது, கிளட்ச் எந்தப் பக்கம்னு?"

புரொபசர் ஜன்னலைப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லட்டுமா?" கேப்டன் குரல் தணிந்தது. "கயிறு வயரை நசுக்கிடும்னு எனக்கு ரெண்டாவது தடவையே தெரியும். ஒரு துணியைச் சுத்திக் கட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லல. நசுங்கினாத்தானே உங்க பட்டறைக்கு வர முடியும்? வீட்டுல சுவரைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணும்."

புரொபசர் போர்வையைச் சரிசெய்கிற சாக்கில் கேப்டனின் கையைத் தொட்டார்.

"கோளாறு இல்லாட்டியும் வரலாம் சார். முக்காலி அங்கேயேதான் இருக்கும்."



திடீரென்று கேப்டன் தலையை உயர்த்தினார். கண்ணில் பழைய கம்பீரம்!

"முடிவு பண்ணிட்டேன்! கால் சரியானதும் கத்துக்கப் போறேன். வேற எவன்கிட்டயும் இல்ல... உங்ககிட்டதான்! வண்டியோட நரம்பு நரம்பாத் தெரிஞ்சவர் நீங்க. ஞாயிற்றுக்கிழமை தோறும் நீங்க ஓட்டிக் காட்டணும், நான் பின்னாடி உட்கார்ந்து கவனிப்பேன். என்ன சொல்றீங்க?"

புரொபசர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"அதுக்கென்ன... தாராளமா!"

மணி அடித்தது. பார்வையாளர் நேரம் முடிந்தது. புரொபசர் படி இறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றார்.

அவருக்கும் பைக் ஓட்டத் தெரியாது.