ஏழாவது சீழ்க்கை

நவம்பர் மாதத்தில் அந்தப் பறவை கத்தியிருக்கக் கூடாது.

க்ளைவ் ஆஸ்டில் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் கேட்டார். தோட்டத்துக் கொட்டகையின் கூரையில் ஒரு பழைய வாளிக்குள் மைக்கை வைத்து இரவெல்லாம் வானத்தைப் பதிவு செய்வதும், விடிந்ததும் சமையலறை மேஜையில் தேநீரோடு உட்கார்ந்து, இருட்டில் ஊருக்கு மேலே எவையெல்லாம் பறந்து போயின என்று கேட்டுக் குறித்துக்கொள்வதும்தான் ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பிடித்த பைத்தியம். அக்டோபரில் வடக்கேயிருந்து இறங்கும் ரெட்விங்குகளின் மெல்லிய 'ஸ்ஸீப்', உறைபனி விழுந்ததும் ஆள்காட்டிகளின் அழுகை, ஏப்ரல் கடைசியில் வளைந்த அலகு விம்ப்ரெல்லின் சீழ்க்கை, மே மாதத்தில் உழவாரன்கள் என்று எல்லாம் முறைப்படி வரும், முறைப்படி போகும். விம்ப்ரெல் இந்நேரம் ஆப்பிரிக்கக் கடற்கரையில் நண்டு தின்றுகொண்டிருக்க வேண்டும். கடல் வாடையே எட்டாத லெஸ்டர்ஷயரில், இந்தப் பழைய சுரங்க ஊரின் மேலே அதற்கு என்ன வேலை?

ஒன்றன்பின் ஒன்றாக ஆறு சீழ்க்கைகள். ஆறும் வெவ்வேறு தொண்டைகள். அதற்குப் பிறகு, இன்னொன்று வர வேண்டிய இடத்தில் யாரோ காத்திருப்பதுபோல ஒரு மௌனம்.

அவருடைய அப்பா நிலக்கரி வெட்டியவர். விடியற்காலையில் வானத்தில் ஆறு சீழ்க்கை கேட்டால் பாதி வழியிலேயே சாப்பாட்டு டப்பாவோடு வீடு திரும்பிவிடுவார். அன்றைக்கு ஒருவரும் சுரங்கத்தில் இறங்க மாட்டார்கள். "அதுங்க ஆறு பேருடா. ஏழாவது ஆளத் தேடி அலையுதுங்க. கேட்டா காதப் பொத்திக்கோ. பதில் மட்டும் குடுத்துராத" என்பார். க்ளைவ் அதையெல்லாம் பையனாக இருந்தபோதே சிரித்துத் தள்ளியவர்.

மாவட்டத்துப் பறவைக் குறிப்புகளைச் சரிபார்த்து ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு பாரி காட்ஸ்பியிடம் இருந்தது. போனில் விஷயத்தைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நவம்பர்ல விம்ப்ரெல்லா? ஏன் வாத்தே, டீயில என்னத்தக் கலந்து குடிச்சே?" அந்த ஊர்ப் பக்கம் எல்லாரும் எல்லாரையும் வாத்து என்றுதான் கொஞ்சுவார்கள்.

"பதிவு இருக்கு, பாரி."

"உன் கூரையில ஒரு ஸ்டார்லிங் இருக்கும். அது எவன் குரல்லதான் கத்தாது? போட்டோ கொண்டா, அப்புறம் பாக்கலாம்."

நாற்பது வருடக் குறிப்பேடுகளில் ஒரு பொய் எழுதாத மனிதருக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

மாடியில் அவர் மனைவி வெண்டி படுத்திருந்தாள். செப்டம்பரில் அவளுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உடம்பு பாதியாகிவிட்டதால் கல்யாண மோதிரம் நழுவிக்கொண்டே இருந்தது. அதன் உள்பக்கம் நீலக் கம்பளி நூலைச் சுற்றி இறுக்கி வைத்திருந்தாள்.

"கொஞ்ச நாளைக்குக் கழட்டி வையேன்" என்றார் க்ளைவ்.

"முப்பத்தாறு வருஷமாக் கழட்டல. இப்பக் கழட்டினா எங்கயோ கிளம்பற மாதிரி இருக்கும்."

அவள் இல்லாத வீட்டை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. தேநீர் போடும் சாக்கில் எழுந்து போய்விட்டார்.

அடுத்த மூன்று வாரமும் ஆறு சீழ்க்கைகள் வந்தன. ஒவ்வொரு இரவும் சற்றுத் தாழ்வாக, சற்றுப் பக்கத்தில். ஒருநாள் காலையில் வெண்டி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெல்லப் படியிறங்கி வந்தாள்.

"ராத்திரி யாரோ கூப்பிட்டாங்க, க்ளைவ்."

"கனவா இருக்கும்."

"பேரச் சொல்லல. ஆனா என்னைத்தான் கூப்பிட்டாங்க."

அன்றைக்கே அவர் மைக்கை எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. போட்டோ வேண்டுமே! பறவையை வலைக்கு இறக்க நினைப்பவர்கள் அதன் குரலையே ஒலிபரப்பி ஏமாற்றுவார்கள். சனிக்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கி, மூடுபனி வேலிவரை வந்து நின்றபோது, அவர் புல்வெளியில் ஸ்பீக்கரை வைத்து, ஏப்ரலில் பதிவு செய்த ஒற்றை விம்ப்ரெல்லின் சீழ்க்கையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். கேமராவோடு காத்திருந்தார். வேலியில் எப்போதும் வாய் ஓயாத ராபின் குருவி சட்டென்று நிறுத்தியது. பிறகு சிட்டுக்குருவிகள். பிறகு பக்கத்துத் தோட்டத்துப் புறாக்கள்.

மாடி ஜன்னல் கண்ணாடியில் வெண்டி படபடவென்று தட்டினாள்.

"நிறுத்து அத! யாரக் கூப்பிடறேன்னு தெரிஞ்சுதான் கூப்பிடறியா?"

அவர் நிறுத்தினார். எதுவும் வரவில்லை. அவருக்கே வெட்கமாக இருந்தது. மைக்கை மட்டும் வழக்கம்போலக் கூரையில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விளக்குப் போடாமல், அவள் தூக்கம் கலையாமல் எழுந்து கீழே வந்தார். தேநீர் போட்டார். ஹெட்போனை மாட்டினார். பதிவில், இரவு மூன்று மணி பத்து நிமிடத்தில் அவை வந்திருந்தன. கூரையை உரசுகிற உயரத்தில், இறகின் சரசரப்புகூடக் கேட்கிற பக்கத்தில், ஒன்று, இரண்டு, மூன்று என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி.

ஆறு.

மௌனம்.

ஏழு.

அவருடைய ஸ்பீக்கர் கொட்டகைக்குள் பூட்டியிருந்தது. இந்த ஏழாவது வானத்திலிருந்து வரவில்லை. சுவர்களுக்குள் எழுந்து, கண்ணாடியைத் தாண்டி வந்த சத்தம். அதற்கு முன்னால், மிக மெதுவாக, கட்டில் ஸ்பிரிங்கின் கிறீச்.

வெண்டிக்குச் சீழ்க்கை அடிக்க வராது. கல்யாணமான புதிதில் அவர் எவ்வளவோ சொல்லிக்கொடுத்தும் வெறும் காற்றுதான் வந்தது.

ஹெட்போனைக் கழற்றினார். சீழ்க்கை நிற்கவில்லை.

மாடியில்.

"வெண்டி?"

ஜன்னல் சட்டம் மேலே ஏறும் சத்தம்.

படிகளில் ஓடினார். கால் இடறியது. எழுந்தார். அறைக்குள் சேற்று வாடை. கடல் வாடை. மெத்தையில் அவள் படுத்திருந்த பள்ளம். தொட்டார். இன்னும் சூடு. இரவு உடை தரையில், ஜன்னலுக்குக் கீழே, பித்தான்கூடக் கழற்றாமல். திறந்த ஜன்னலுக்கு அப்பால் மூடுபனி, நரைத்த விடியல், ஈரப் புல்வெளி.

புல்வெளியில் அவை நின்றன. சத்தமில்லாமல். எல்லாம் அவரைப் பார்த்து.

எண்ணினார். எண்ண வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே எண்ணினார்.

ஜன்னல் கொக்கியில் தொங்கிய பைனாகுலரை அவர் கை தானாக எடுத்தது. நாற்பது வருடப் பழக்கம் அது: பறவையைக் கண்டால் முதலில் காலைப் பார்க்க வேண்டும், அடையாளத்துக்காக யாராவது வளையம் மாட்டியிருக்கிறார்களா என்று. முதல் ஆறின் கால்களில் ஒன்றுமில்லை.

ஏழாவதன் காலில் வளையம் இருந்தது. தேய்ந்த தங்கம். அது நழுவாமலிருக்க, உள்பக்கம் நீலக் கம்பளி நூல் சுற்றியிருந்தது.